பதினோரு ‘இல்லை’

என் அண்ணிக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. திட்டு வாங்குவது. அலுவலகத்தில் அதற்குப் புகார்ப் பிரிவு என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரில் எந்தக் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், வந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தாலும், தெருவில் குழாய் உடைந்து வாசலில் குளம் கட்டினாலும் மணி அடிப்பது அண்ணியின் காதில்தான். உடைத்தவர் அவர் இல்லை, சரிசெய்யப் போகிறவரும் அவர் இல்லை. ஆனாலும் முதல் வசவு அவருக்கு. காலை எட்டு மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால் நாலு மணிக்குத்தான் கழற்றுவார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அன்றைக்கு எத்தனை பேர் அவருடைய பரம்பரையை இழுத்தார்கள் என்று.

நான் அவருக்கு நாத்தனார். நாத்தனார் என்றதும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பாதி சரிதான். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில். என் கல்யாணம் இரண்டே வருஷத்தில் முறிந்து, சூட்கேஸோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அண்ணன் அரைமணி நேரம் ஆறுதல் சொன்னான். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்த் தன் பீரோவில் பாதியைக் காலி செய்து வைத்தார். அந்தப் பாதியில் என் துணிமணி ஏறிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று நாள் பூராவும் கேட்பேன். முன்பின் தெரியாதவர்களை அவ்வளவு அக்கறையாகக் கேட்கிறவள், வீட்டில் இருக்கிற ஒருத்தரைக் கேட்டதே இல்லை.

ஒரு வருஷமாக அண்ணியின் வலது காதில் ஓயாத ரீங்காரம். டாக்டர் பார்த்துவிட்டு, “போன் வேலைய விடுங்க” என்று சுலபமாகச் சொல்லி அனுப்பினார். விட்டுவிட்டு எங்கே போவது? அப்போதுதான் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிற ரெக்கார்டு ரூம் கிளார்க் ஓய்வு பெறப் போகிற செய்தி வந்தது. பழைய வரைபடங்களும் கோப்புகளும் அடுக்கிய அறை. கூரையைத் தொடும் அலமாரிகள், நடுவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. போன் கிடையாது. ஒருநாள் ஏதோ கோப்பு எடுக்கப் போன அண்ணி, கதவைச் சாத்திவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா நின்றுவிட்டு வந்தாராம்.

“அங்க ஃபேன் சத்தம் மட்டும்தாண்டி கேக்குது” என்றார் என்னிடம். நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்கள் அந்தக் குரலில் பேசுவார்கள். அண்ணி எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டார்.

ஆனால் நிர்வாகம் புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. இடமாற்றம் கேட்கிற ஊழியர்கள், மகிழ்ச்சி அல்லது தன்வளர்ச்சி குறித்து ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் படிப்பை முடித்து, சான்றிதழை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். ஆளை முறுக்கிப் பிழிந்துவிட்டு அப்புறம் சிரிக்கச் சொல்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சுற்றறிக்கையைக் கிழித்துப் போட்டிருப்பேன். அண்ணி அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கடைசித் தேதி அந்த மாதத்தின் கடைசித் திங்கள்கிழமை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் என் லேப்டாப்பை வைத்து இரண்டு பேரும் தேடினோம். மகிழ்ச்சி என்று தட்டியதுதான் தாமதம், வந்து குவிந்தன. இத்தனை பல்கலைக்கழகங்கள் மகிழ்ச்சியைச் சொல்லித் தருகின்றன என்றால், படித்தவர்கள் எல்லாரும் எங்கே போய்விட்டார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“இது பாருங்க அண்ணி, ‘மலர்ச்சியான மனம்.’ பன்னெண்டு வாரம்.”

“அதுக்குள்ள அந்த எடத்துக்கு வேற ஆளு வந்துடுவாங்க.”

“இது ரெண்டே மணி நேரம். ‘உங்களுக்குள் இருக்கும் தலைவர்.’”

“எனக்குள்ள யாரும் வேணாம். ஏற்கெனவே காதுக்குள்ள ஒருத்தன் கத்திக்கிட்டு இருக்கான்.”

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை அவனுக்கு. நல்லவன்தான், வாய்தான் ஓயாது. “அவளுக்கு எதுக்கு அந்தப் படிப்பெல்லாம்? அவளே ஜம்முனுதான இருக்கா!”

இது அவனுடைய வழக்கம். சொந்தக்காரர்கள் போன் பண்ணி அண்ணியை விசாரித்தால், அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் பதில் இவன்தான் சொல்வான். “அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா.” ராணி அந்த நேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் ‘நன்றாக வாழ்தல்’ என்ற படிப்பு அகப்பட்டது. எட்டுப் பாடம், ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம். எங்கேயோ இருக்கிற பேராசிரியரின் பேச்சைத் தமிழில் மாற்றி ஒருத்தர் நிதானமாகப் படித்திருந்தார். திரையில் வருகிற எழுத்தும் தமிழ்தான். அண்ணி பெயரைப் பதிந்து, உள்ளே போகிற வழியைக் காட்டிக்கொடுத்துவிட்டு நான் என் பாட்டுக்கு இருந்துவிட்டேன். மூன்று வாரம் முழுசாக இருந்தது. எட்டுப் பாடம் எந்த மூலைக்கு?

இந்த இடத்தில் அண்ணியின் அலுவலகத்தைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு புகாரும் தீர்ந்த பிறகு, புகார் கொடுத்தவரைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். ‘நிறைவு: ஆம் / இல்லை.’ புகார் கொடுத்தவருக்கு மனசு நிறைந்ததா என்று அர்த்தம். ‘இல்லை’ என்று போட்டால் புகார் மறுபடி முதல் மேசைக்குப் போய்விடும், எல்லாருக்கும் வேலை இரட்டிப்பு. அதனால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ போடுவார்கள். அண்ணி மாட்டார். “அந்தம்மா அழுதுட்டு போன வெக்கறாங்க, நான் எப்படி நிறைவுன்னு போடறது?” என்பார். இந்த ஒரு கட்டத்துக்காகவே மேலதிகாரிக்கு அவரைக் கண்டால் ஆகாது.

முக்கால்வாசி நாள் சாயங்காலம் டீயைக் குடித்துவிட்டு அண்ணி மேசையில் உட்காருவார். பக்கத்தில் ஒரு நோட்டு, பேனா. பேராசிரியரின் குரல் கேட்கும். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் கேட்டதையே மறுநாளும் கேட்கிற மாதிரி இருந்தது. பல்கலைக்கழகம் இல்லையா, சொன்னதையே சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை. கடையிலிருந்து வந்தவள், பேச்சுவாக்கில் கேட்டேன்.

“எத்தனாவது பாடம் அண்ணி?”

“மொதல் பாடம்.”

“என்னது?”

“மொதல் பாடம்தான். பதினோரு தடவை கேட்டாச்சு. விடமாட்டேங்கறாங்க. ரொம்ப ஸ்ட்ரிக்ட்டா இருக்காங்க.”

எனக்குப் பகீர் என்றது. நடுவில் ஒரே ஒரு சனி ஞாயிறுதான். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது தடவையாகப் பாடம் ஓடி முடிந்தது. திரையில் ஒரு வரி வந்தது. ‘நிறைவா?’ கீழே இரண்டு கட்டம்: ஆம், இல்லை. அண்ணியின் விரல் நேராக ‘இல்லை’க்குப் போயிற்று. நான் கையைப் பிடித்தேன்.

“ஏன் அண்ணி இதப் போடறீங்க?”

“வேற எதப் போடறது?” அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. “நிறைவான்னு கேக்கறாங்க. மனசுல இருக்கறதத்தான போடணும். இல்லன்னு போட்டா, ‘பரவாயில்லை, முதலிலிருந்து தொடங்குவோம்’னு வருது. நியாயம்தானே? மனசு நிறையற வரைக்கும் திரும்பக் கேக்கச் சொல்றாங்க.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்காமல் இருந்திருக்கலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“அய்யோ அண்ணி! பாடம் நிறைவான்னு கேக்குது. பாடம் முடிஞ்சுதா, அடுத்ததுக்குப் போலாமா, அவ்வளவுதான்!”

அண்ணி சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பாடத்தையா கேட்டாங்க?” என்றார். “என்னையத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சேன்.”

பதினோரு நாள், பதினோரு தடவை, இந்த மேசையில் உட்கார்ந்து இந்த மனுஷி ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறார். அதுவும் யாரிடம்? ஒரு பெட்டியிடம். அடுத்த அறையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் அடுத்த அறையில் அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீயே ஏதோ ஒண்ணப் போட்டுடு” என்று எழுந்து, டம்ளரைக் கழுவப் போய்விட்டார். நான் ‘ஆம்’ என்று அழுத்தினேன். திரையில் ஒரு பூ விரிந்தது, இரண்டாம் பாடம் திறந்தது.

சனிக்கிழமை அவருக்கும் டூட்டி, எனக்கும் கடை. மிச்சம் இருந்தது ஞாயிறு. காலையில் வேலையை முடித்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வேகமாக ஓட்டவும் முடியாது, தாண்டவும் முடியாது. ஆள் எழுந்து போய்விடாமல் இருக்க, நடுநடுவே ‘இருக்கிறீர்களா?’ என்று ஒரு பெட்டி வரும். ‘இருக்கிறேன்’ என்று அழுத்தாவிட்டால் பாடம் நின்றுவிடும்.

இரண்டாம் பாடத்தில் பேராசிரியர் நல்ல தூக்கத்தின் அவசியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பத்தாவது நிமிஷம் அண்ணி தூங்கிவிட்டார். நாற்காலியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கை மடியில் கிடக்க. எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. பேராசிரியர் சொன்னதைத் தட்டாமல் செய்த ஒரே மாணவி எங்கள் அண்ணிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

‘இருக்கிறீர்களா?’ என்றது பெட்டி. ‘இருக்கிறேன்’ என்று நான் அழுத்தினேன்.

பாடம் முடிந்தது. ‘நிறைவா?’ ‘ஆம்’ என்றேன். மூன்றாம் பாடம். ஆம். அண்ணன் வந்து எட்டிப் பார்த்து, “தூங்கறாளா? நல்லாத் தூங்கட்டும், அவளுக்கென்ன கவலை” என்றுவிட்டுப் போனான். நாலாம் பாடம். ஆம். விரலைத் தூக்கும்போதுதான் சுருக்கென்றது. அண்ணன் இத்தனை வருஷமாக போனில் செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். அண்ணி பக்கத்திலேயே இருக்க, அண்ணிக்கும் சேர்த்து ‘ஆம்’ சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொழுது போகாமல் நோட்டை எடுத்துப் பிரித்தேன். செய்திருக்கக் கூடாது, செய்தேன். முதல் பாடத்தின் நடுவில் பேராசிரியர் கண்ணை மூடச் சொல்லி ஒரு கேள்வி கேட்பார்: ‘நீங்கள் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது எப்போது?’ அந்த ஒரே கேள்விக்கு அண்ணி பதினோரு நாள் பதில் எழுதியிருந்தார். புகார்ப் புத்தகத்தில் எழுதுகிற அதே நேரான எழுத்து, இடது ஓரத்தில் தேதி.

முதல் நாள்: ‘ஞாபகம் இல்லை.’ இரண்டாம் நாள்: ‘ஞாபகம் இல்லை.’ மூன்றாம் நாள்: ‘யோசித்தேன். வரவில்லை.’ ஐந்தாம் நாள்: ‘சிரித்திருப்பேன். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.’ எட்டாம் நாள்: ‘பாப்பா நாலாவது படிக்கும்போது பள்ளி நாடகத்தில் மரமாக நின்றாள். நடுவில் தும்மினாள். மரம் தும்முது என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும்.’ அவர்கள் மகள் இப்போது வேறு ஊரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், கல்லூரி இரண்டாம் வருஷம்.

பதினோராம் நாள்: ‘நாத்தனார் வந்த புதிதில் இரண்டு பேரும் பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு இரண்டு நாள் ஒரே துணியில் இருந்தோம். சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. அன்றைக்கு ரொம்பச் சிரித்தேன்.’

எனக்கு அந்தச் சாவி சுத்தமாக மறந்துபோயிருந்தது. நோட்டை மூடி, இருந்த இடத்தில் அப்படியே வைத்தேன். பெட்டி மறுபடி கேட்டது, ‘இருக்கிறீர்களா?’ திரை மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுத்தினேன். ஐந்து, ஆறு, ஏழு. முதல் பாடத்தோடு சேர்த்து, அவர் பெயரில் நான் சொன்ன ‘ஆம்’ ஏழு.

எட்டாம் பாடம் பாதி ஓடும்போது அண்ணி விழித்துக்கொண்டார். மணி நாலு தாண்டியிருந்தது. “ஏண்டி எழுப்பல?” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி இருபது நிமிஷத்தை ஒழுங்காகக் கேட்டார். நன்றியோடு இருங்கள் என்று சொல்லிப் பேராசிரியர் விடைபெற்றார். ‘நிறைவா?’ என்று வந்தது.

“இது நீங்க போடுங்க அண்ணி” என்றேன்.

விரலை நீட்டினார். நடுவிலேயே நிறுத்தினார். “இல்லன்னு போட்டா?”

“மறுபடி மொதல்லேர்ந்து. எட்டுப் பாடமும்.”

“நாளைக்குத்தான் கடைசி நாள், இல்ல?”

“ஆமா.”

இருபத்திரண்டு வருஷத்தில் யாருக்காகவும் பொய்யாக ‘ஆம்’ போடாத விரல் அது. இரண்டு கட்டத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் பெருமூச்சு விட்டுவிட்டு, “பாடத்தைத்தான கேக்குது” என்று தனக்கே சொல்லிக்கொண்டு ‘ஆம்’ என்று அழுத்தினார். பெரிய பூவாக விரிந்தது. சான்றிதழ் வந்தது.

அதைப் படித்துச் சொன்னவன் அண்ணன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, டிப்போவில் பஸ் அறிவிக்கிற குரலில் படித்தான். “இவர் ‘நன்றாக வாழ்தல்’ படிப்பில் முழு நிறைவு பெற்றார். முழு நிறைவு! பாத்தியா? நான் அன்னைக்கே சொல்லல? இப்ப யுனிவர்சிட்டியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுச்சு!” உடனே பெரியம்மாவுக்கு போன் போட்டான். அண்ணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

திங்கள்கிழமை விண்ணப்பம் உள்ளே போயிற்று. பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. அந்த நாற்காலி அண்ணிக்குக் கிடைத்துவிட்டது. மேலதிகாரிக்கும் நிம்மதிதான்; இனிமேல் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ போட ஆள் இல்லை.

ரெக்கார்டு ரூமில் முதல் நாள் முடிந்து அவர் வந்த சாயங்காலம், நான் கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். வேறு வார்த்தை அகப்படவில்லை.

“நிறைவா அண்ணி?”

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “பாடமா, நானா?”

“நீங்க.”

“அவளுக்கென்ன!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. “கேட்ட எடமே கெடச்சாச்சு, இனிமே ராணிதான்!”

“அண்ணா, உன்ன யாரும் கேக்கல” என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போல. உள்ளே டிவி சத்தம்கூடக் குறைந்தது.

அண்ணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். வலது காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

“இல்லடி” என்றார். “ஆனா இன்னிக்கு யாரும் கத்தல.”

நான் அவர் மடியிலிருந்த கைப்பையை வாங்கிக் கீழே வைத்தேன்.

“பரவால்ல. மொதல்லேர்ந்து சொல்லுங்க.”